இருபது கிராமுக்குள் ஒரு பொங்கல் வாழ்த்து

கேள்வி இதுதான்: வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வரும் பொங்கலுக்கு உறவினர்கள், நண்பர்கள் என இருபது பேருக்காவது கையால் செய்த வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும். நெருங்கிய நாலைந்து பேருக்குச் சிறு பரிசும் செய்து தர ஆசை. என்ன காகிதம், என்ன பசை, எதிலிருந்து தொடங்குவது?

புத்தக பைண்டிங் என் தொழில் என்பதால் காகிதமும் பசையும் எனக்கு அன்றாடச் சமாசாரம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போகாதீர்கள், முதலில் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு குறிப்பு வேண்டும்: அட்டை தபாலில் போகிறதா, கையில் கொடுக்கப்போகிறோமா; வாங்குகிறவர் யார், என்ன வயது. இந்த இரண்டும்தான் அட்டையின் அளவையும் கனத்தையும் எழுத்தின் பருமனையும் முடிவு செய்கின்றன. பெரும்பாலானவர்கள் மினுக்குத் தூளும் முத்தும் ரிப்பனும் வாங்கி வந்துவிட்டு, அதன் பிறகு யாருக்கு என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்த அட்டை யாருக்கும் பொருந்தும். யாருக்கும் உரியதாக இருக்காது.

பட்டியல் போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வருஷத்தில் துக்கம் நடந்த வீடு எது என்று பாருங்கள். பங்காளி வீட்டுச் சாவுக்காக அந்த ஆண்டு பண்டிகை இல்லை என்று இருப்பவர்களுக்குக் கரும்பும் பானையும் வரைந்த அட்டை போய்ச் சேர்ந்தால் சங்கடம். அவர்களுக்குப் பண்டிகை வாழ்த்து வேண்டாம். அதே காகிதத்தில், படம் இல்லாமல், நலம் விசாரித்து நாலு வரி எழுதினால் போதும். அதே போல, அட்டைக்குக் கறுப்பு ஓரம் போடாதீர்கள், கறுப்பு உறையும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கறுப்புக் காகிதத்தில் வெள்ளைப் பேனாவால் வரைவது பிடிக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் கருமாதிப் பத்திரிகையின் கறுப்பு ஓரத்தைப் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்குத் தபால்காரர் அதை நீட்டினால் நெஞ்சு ஒரு நொடி நின்றுபோகும். கறுப்பின் இடத்தில் செங்காவி நிறக் காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு அதன்மேலும் நன்றாக எடுபடும். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தால் பாட்டிமார்களுக்கு வேறு அலங்காரமே தேவையில்லை.

இனிக் காகிதம். கடையில் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பது அதன் பொருள். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 வரை. அட்டைக்கு 220 முதல் 250 வரை உள்ளது சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும், கீழே போனால் நிற்காமல் துவளும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் பேப்பர் பெரும்பாலும் இதைவிட மெல்லியது. அட்டையின் உடம்புக்கு ஐவரி போர்டு அல்லது நல்ல டிராயிங் ஷீட், மேலே ஒட்டுகிற வேலைக்குச் சார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 அங்குலத்துக்கு 28 அங்குலம் உள்ள முழுத் தாளில், ஏ4 தாளின் பாதி அளவான ஏ5 துண்டுகள் ஒன்பது வரும். ஆக மூன்று தாள் வாங்கினால் இருபது அட்டைக்கும் தாராளம், பிள்ளைகள் கெடுத்துக்கொள்ள மிச்சமும் இருக்கும்.

சென்னையில் இருந்தால் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் பக்கத்து அச்சகத்தில் போய்க் கேட்கலாம். பத்திரிகை, அழைப்பிதழ் அடித்த பிறகு ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். எடைக்குப் போடப்போகிற சரக்கு என்பதால் பல இடங்களில் சும்மாவே தந்துவிடுவார்கள். கையால் செய்த காகிதம் வேண்டுமென்றால் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959 முதல் இயங்கிவருகிறது. பஞ்சாலையும் தையற்கடையும் கழிக்கும் பருத்தித் துணித் துண்டுகள்தான் இத்தகைய காகிதத்துக்கு மூலப்பொருள். மரக்கூழ் காகிதம் மாதிரி நாலு வருஷத்தில் பழுப்பாகி நொறுங்காது. விலை கூடுதல்தான். எல்லா அட்டைக்கும் அது வேண்டியதில்லை. பரிசாகக் கொடுக்கும் குறிப்பேட்டின் மேலட்டைக்கு வைத்துக்கொண்டால் அதன் அருமை தெரியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மடிப்புதான் கையால் செய்த அட்டையைக் காட்டிக்கொடுக்கும் இடம். இயந்திரத்தில் செய்த காகிதத்தின் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைந்து கொடுக்கிறதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு விழ வேண்டும். எதிர்த் திசையில் மடித்தால் விளிம்பில் நார் உடைந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும், அட்டையும் மூடி நிற்காமல் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். திசை தெரிந்த பிறகு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து மடிப்புக் கோட்டில் அழுத்தி ஒரு முறை இழுங்கள். பள்ளம் விழும். அந்தப் பள்ளத்திலிருந்து விலகும் திசையில், அதாவது பள்ளம் வெளிப்பக்கம் இருக்கும்படி மடித்து, ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டால் கடை அட்டைக்குச் சமமாக நிற்கும். இந்த ஒரு வேலையை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுத்துவிட்டு, மற்றதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

பசைக்கு வருவோம். வெள்ளைப் பசை டப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறது. காகிதத்துக்கு அதை அப்படியே பிதுக்கினால் ஈரம் அதிகமாகிச் சுருக்கம் விழும். ஒரு மூடியில் கொஞ்சம் எடுத்து, பழைய பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாக, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். ஒட்டியதும் தாளுக்கு மேல் ஒரு தாள் வைத்து, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒட்டிய வேலை தட்டையாக இருப்பதும் நெளிந்து நிற்பதும் பெரும்பாலும் இந்த ஓர் இரவுப் பொறுமையில்தான் இருக்கிறது.

நான் சிபாரிசு செய்வது மைதாப் பசை. இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரைத் தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்கிவிடலாம். ஆறியதும் வடிகட்டிக்கொண்டால் கட்டி இருக்காது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் எங்களைப் போன்றவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் மயில்துத்தம் போடுவது உண்டு. அது விஷம்; பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அதைப் போடாத பசை இரண்டு மூன்று நாள் தாங்கும், பிறகு புளித்த வாடை வரும், கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம். இந்தப் பசையில் ஒரு வசதி: ஒட்டிய படம் கோணலாகிவிட்டால் காய்வதற்குள் நகர்த்தி நேராக்கிவிட முடியும். சிறு பிள்ளைகளோடு வேலை செய்யும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது செய்து பார்த்தால் தெரியும்.

அலங்காரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சமையலறையிலேயே அச்சு இருக்கிறது. வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. பாகற்காயை வெட்டி விதையை நீக்கினால் ஓரம் நெளிந்த வளையம். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாகப் பிறைபோல் விழும். இரண்டு பிறையை எதிரெதிரே பதித்தால் மீன் மாதிரி இருக்கும், மேலே மூன்று கோடு இழுத்தால் அதுவே பானை. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிக் கால் மணி நேரம் உலரவிட்டு, போஸ்டர் கலரைத் தண்ணீர் சேர்க்காமல் பிரஷ்ஷால் முகத்தில் பூசிப் பதிக்க வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்தால் கோடு அடைபட்டு வெறும் திட்டாகத்தான் விழும். முதல் இரண்டு பதிப்பைப் பழைய தாளில் எடுத்துவிட்டு அட்டைக்கு வாருங்கள்.

இன்னொரு வேலை பிள்ளைகளுக்கு வித்தை காட்டுவது போல இருக்கும். மஞ்சள்தூளை வெந்நீரில் குழைத்து வெள்ளை டிராயிங் ஷீட்டில் பூசி உலரவிடுங்கள். ஆப்ப சோடாவை ஒரு தேக்கரண்டி எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அந்த மஞ்சள் மேல் கோலமோ கரும்போ வரைந்தால், வரைந்த இடமெல்லாம் செங்காவியாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆகிற அதே இரசாயனம்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் வரைந்தால் சிவப்பு இன்னும் அழுத்தமாக வரும், ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. பெரியவர்கள் மட்டும் தொடலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். உறைக்குள் போகும் அட்டைக்கு அது பொருட்டில்லை. சுவரில் மாட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் வேறு வழியில் செய்யுங்கள்.

கோலம் வரைகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய அலங்காரம் எதற்கு? ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலில் நிறுத்த வேண்டும் என்கிற கோலத்தைப் புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் விட்டுப் போட்டால் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் அடங்கிவிடும். புள்ளிகளைப் பென்சிலால் லேசாக வைத்து, செங்காவித் தாளில் வெள்ளை ஜெல் பேனாவால் ஓட்டுங்கள். அம்மாவுக்கோ மாமியாருக்கோ பிடித்த கோலத்தை அவரிடமே வரையச் சொல்லி வாங்கி, அதை அவருடைய தங்கைக்கு அனுப்பும் அட்டையில் போட்டுப் பாருங்கள். யார் கைக்கோலம் என்பது அங்கே சொல்லாமலே தெரிந்துவிடும்.

உலர்த்திய பூவும் இலையும் ஒட்டலாம். காகிதப்பூ இதற்கென்றே படைத்தது மாதிரி மெல்லியது, நிறமும் ஓரளவு நிற்கும். வேப்பங்கொழுந்து, அருகம்புல் இரண்டும் தட்டையாகக் காயும். செம்பருத்தி வேண்டாம், சதைப்பற்றுள்ள பூ எதுவும் வேண்டாம். கறுத்துப் பூசணம் பிடிக்கும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி இரண்டு வாரம் விட வேண்டும். மார்கழியில் காற்றில் ஈரம் இருப்பதால் முதல் சில நாள்கள் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். கொங்குப் பக்கத்தில் போகியன்று வாசலில் காப்புக் கட்டும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்து ஒரு குட்டிக் கொத்தை அட்டையின் மேல்மூலையில் நூலால் தைத்து வைத்தால், வெளியூருக்குப் பிழைக்கப் போன கொங்கு நாட்டு நண்பருக்கு அதற்கு மேல் ஒரு வரி எழுத வேண்டியதில்லை. பூளைப்பூ செடியிலேயே காய்ந்த பஞ்சுபோல் இருப்பதால் உலர்த்தும் வேலையும் இல்லை. இந்த மாதிரி அட்டையைக் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருக்கும் உறவினர்களுக்குச் செடி கொடி சம்பந்தப்பட்ட எதையும் ஒட்டி அனுப்பாதீர்கள். அங்கே தாவரப் பொருள்களுக்குச் சோதனை கடுமை, அட்டை வாசலுக்கே வராமல் போகலாம்.

திறந்தால் பானை எழுந்து நிற்கும் அட்டை வேண்டும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எளிதுதான். ஏ5 துண்டை இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டு, இடையில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு. தாளைத் திறந்து, வெட்டுக்கு நடுவில் உள்ள பட்டையை உள்ளே தள்ளி மடித்தால் ஒரு படி மாதிரி நிற்கும். அந்தப் படியின் முன்முகத்தில் பானைப் படத்தை ஒட்ட வேண்டும். எல்லோரும் தடுமாறுவது படத்தின் உயரத்தில். வெட்டின் நீளத்தையும் படத்தின் உயரத்தையும் கூட்டினால் ஒரு பக்கத்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. பக்கம் பத்தரை சென்டிமீட்டர், வெட்டு மூன்று என்றால், பானையும் அதில் பொங்கி வழியும் நுரையும் சேர்ந்து ஏழுக்கு மேல் போகக் கூடாது. போனால் மூடும்போது வெளியே எட்டிப் பார்க்கும். வெட்டிய ஓட்டை பின்னால் தெரியாமலிருக்க வெளியே இன்னொரு தாள் ஒட்டுவீர்கள். இங்கேதான் எடை வருகிறது.

உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய்த் தபால்தலை. 250 ஜி.எஸ்.எம். ஏ5 துண்டு ஏறக்குறைய 8 கிராம். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாளில் செய்த உறை 5 கிராம். ஆக, சாதாரண அட்டை 13 கிராமில் முடிந்து, உள்ளே ஒரு முழுத் தாள் கடிதம் வைக்கவும் இடம் இருக்கிறது. எழுந்து நிற்கும் அட்டைக்கு உள்தாள், வெளித்தாள் இரண்டையும் 250இல் எடுத்தால் உறையோடு சேர்த்து 20ஐத் தாண்டிவிடும். உள்தாளை 120 ஜி.எஸ்.எம்.மில் எடுங்கள், எடை 17க்குள் அடங்கும், வெட்டி மடிக்கவும் அதுதான் வசதி. தபால்தலை குறைந்தால் குறைந்த தொகையின் இரு மடங்கை வாங்குகிறவரிடம் கேட்பார்கள். வாழ்த்து அனுப்பி வசூல் செய்த பெயர் நமக்கு எதற்கு? சந்தேகம் இருந்தால் தபால் நிலையத்திலேயே நிறுத்துப் பார்த்து ஒட்டிவிடுங்கள்.

உறையும் வீட்டிலேயே செய்யலாம். ஏ4 தாளை நெட்டாக வைத்து இரண்டு பக்கமும் 2.4 சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட்டால் நடுவில் 16.2 அகலம் கிடைக்கும். கீழிருந்து 11இல் ஒரு கோடு, அதற்கு மேல் 11.4இல் இன்னொன்று, மேலே மிஞ்சும் 7.3 மூடி. நடுப்பகுதிதான் முகப்பு. முகப்பின் இரண்டு பக்கத்துக் காதுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் உள்ள காதுகளை வெட்டிவிட்டு, காதை உள்ளே மடித்துப் பசை தடவிக் கீழ்ப்பகுதியை அதன்மேல் தூக்கி ஒட்டினால் உறை தயார். பழைய தினசரிக் காலண்டர் தாளில் செய்த உறை பார்க்க அழகு. ஆனால் முகவரிக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல நேரமும் இராகு காலமும் தெருப் பெயரோடு கலந்துவிடும். முத்து, கண்ணாடிக் கல், ஸ்டேப்ளர் ஊசி எதுவும் தபாலில் போகும் அட்டையில் இருக்க வேண்டாம். முத்திரை குத்தும் இடத்தில் உறை கிழியும். மினுக்குத் தூளை நான் எந்த அட்டைக்கும் சிபாரிசு செய்வதில்லை. வாங்குகிறவர் வீட்டுச் சோபாவில் அது அடுத்த பொங்கல் வரை இருக்கும்.

முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு கட்டாயம். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த ஏற்பாடு அது. 6இல் தொடங்கினால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம். தமிழ்நாட்டுக்குள் தமிழிலேயே முகவரி எழுதலாம், தாராளமாகப் போய்ச் சேரும். வேறு மாநிலத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பரிசுப் பொட்டலமாக இருந்தால் விரைவுத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இப்போது எழுத்து. இவ்வளவு பாடுபட்டுச் செய்த அட்டைக்குள் ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், சிவகாசி அச்சடித்த அட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு காலத்தில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் போட்ட வாழ்த்துகள் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கும். அந்த அட்டைகளைப் பலர் இன்னும் வைத்திருப்பதற்குக் காரணம் படம் மட்டும் அல்ல. பின்பக்கம் அத்தை மகன் கிறுக்கிய இரண்டு வரியும்தான். ஆகவே ஒவ்வொரு அட்டையிலும் அந்த ஒருவருக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி இருக்கட்டும். பெரியப்பாவுக்கு: ‘இந்த வருஷமும் கரும்பைப் பல்லாலேயே உரிக்கிறீர்களா என்று அப்பா கேட்கச் சொன்னார்.’ பழைய பக்கத்து வீட்டு அக்காவுக்கு: ‘நீங்கள் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று இப்போது மாடி வரை வந்துவிட்டது.’ இவ்வளவு போதும். கவிதை தேடி அலைய வேண்டாம்.

‘அன்புள்ள சித்தப்பா, சித்திக்கு’ என்று தொடங்கி ‘இப்படிக்கு’ என்று முடிப்பதைப் பழைய பாணி என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் முதலில் தேடுவது அந்த உறவுச் சொல்லைத்தான். எழுபது தாண்டியவர்களுக்கு எழுதும்போது எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், மை கருநீலமாக இருக்கட்டும். பிள்ளைகளின் கையெழுத்துக் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்துப்பிழையை மட்டும் முன்கூட்டியே பென்சிலில் எழுதிப் பார்த்துத் திருத்திவிடுங்கள்; ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். சாமி படம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. பானை, கரும்பு, மாடு, சூரியன் ஆகியவை இஸ்லாமிய, கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டுக்கும் உரியவை.

பரிசு நாலைந்து பேருக்குத்தான் என்பதால் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அது: கையால் தைத்த சமையல் குறிப்பேடு. குடும்பத்தில் யாருடைய கைப்பக்குவம் பேர்போனதோ, அவரிடம் உட்கார்ந்து பத்துப் பதினைந்து குறிப்பு கேட்டு எழுதி, கூடப் பிறந்தவர்கள் வீட்டுக்கு ஒவ்வொரு பிரதி. அவர் ‘ஒரு ஆழாக்கு, ஒரு கை, கொஞ்சம்போல’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை மாற்றாமல் எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே அவர் வீட்டு ஆழாக்கில் அளந்து தராசில் வைத்துக் கிடைத்த கிராமையும் எழுதுங்கள். எட்டு ஆழாக்கு அல்லது நாலு உழக்கு ஒரு படி என்பது பொதுக்கணக்கு என்றாலும், படி ஊருக்கு ஊர் வேறு. அவர் பாத்திரம்தான் அந்தக் குழம்பின் அளவு. ஓரிரு குறிப்பையாவது அவரே எழுதட்டும். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து எல்லாப் பிரதியிலும் சேர்த்துவிடலாம்.

தைப்பது பத்து நிமிட வேலை. ஏ4 தாள் எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் முப்பத்திரண்டு பக்கம். மேலட்டைக்கு, முன்னால் சொன்ன கையால் செய்த காகிதம். மடிப்பின் மேல் நடுவில் ஒரு துளை, அதற்கு மேலேயும் கீழேயும் ஏழு சென்டிமீட்டரில் ஒவ்வொரு துளை, கோணி ஊசியாலோ காம்பஸ் முனையாலோ போடுங்கள். தடித்த பருத்தி நூலை மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொண்டு, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. நூலின் இரண்டு முனையும் நடுவே ஓடும் நீளத் தையலின் இரண்டு பக்கமும் இருக்கும்படி இழுத்து முடிச்சுப் போட்டால் அசையாது. ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டு ஈரத்தில் துருப்பிடிக்கும். அடுப்படியில் கிடக்கப்போகும் நோட்டுக்கு நூல்தான் சரி. விருப்பமிருந்தால் கடைசியில் நாலு வெற்றுப் பக்கம் விடுங்கள், வாங்குகிறவர் தன் பங்கை எழுதிக்கொள்வார்.

மற்றவை சுருக்கமாக. பழைய சேலையின் முந்தானையில் தைத்த பை நல்ல பரிசு, அதுவே பரிசைச் சுற்றும் உறையும் ஆகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. அதனால் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றுவதை விட்டுவிடலாம். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி போன்றவற்றை வெயிலில் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, கைப்பட எழுதிய சீட்டில் அரைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கையில் கொடுப்பவர்களுக்கு மட்டும். பனை ஓலைப் பெட்டி முடையத் தெரியாவிட்டால் விலைக்கு வாங்குவதில் குறைவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் முடைகிறார்கள், செட்டிநாட்டில் அதற்குக் கொட்டான் என்று பெயர். உள்ளே உடன்குடிக் கருப்பட்டி வைத்தால் பெட்டியும் சரக்கும் ஒரே மரத்தின் வரவு.

நாள் கணக்கு: பூ உலர்த்துவதாக இருந்தால் டிசம்பர் நடுவிலேயே பாரம் ஏற்றிவிடுங்கள். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு அட்டை வேலை முழுவதையும் முடித்துவிடலாம், ஒரு நாள் மடிப்பு, ஒரு நாள் அச்சு, ஒரு நாள் எழுத்து என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் சலிக்காது. பொங்கலை ஒட்டித் தபால் நிலையத்துக்கும் தொடர் விடுமுறை வரும் என்பதால், உள்ளூருக்கும் வெளியூருக்கும் சேர்த்து ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். வெளிநாட்டு அட்டைகளைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். சமையல் குறிப்பேட்டுக்கு மட்டும் கார்த்திகையிலேயே பேச்சைத் தொடங்குங்கள். அத்தையிடமிருந்து வத்தக்குழம்பின் அளவை வாங்குவதற்குள் மூன்று முறையாவது சமைத்துக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.